கண்ட்லாவும் அந்தமானும்: வட கொரியா மீதான தடைக் கண்காணிப்பில் இந்தியா

ஒரு நாடு அணு ஆயுதம் செய்வதைத் தடுக்க, அந்நாட்டுடன் குறிப்பிட்ட பொருள்களை வாங்கவோ விற்கவோ கூடாது என ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு அவை தடை விதிக்கிறது. அத்தடை மீறப்படுகிறதா என்று பார்ப்பதே தடைக் கண்காணிப்பு ஆகும். பாதுகாப்பு அவைக்குச் சொந்தமாகச் சுங்கச் சாவடியோ ரோந்துக் கப்பலோ கிடையாது. எனவே இப்பணி உறுப்பு நாடுகளின் துறைமுகங்களிலும் கடல்களிலும்தான் நடக்கிறது. இந்தியக் கடற்கரையில் நடந்த இரு நிகழ்வுகள் இதனை நன்கு விளக்குகின்றன.

கண்ட்லா, 1999

கார்கில் போர் நடந்துகொண்டிருந்த 1999 ஜூன் மாதத்தில், கு வோல் சான் என்ற வட கொரியக் கப்பல் சர்க்கரையுடன் குஜராத்தின் கண்ட்லா துறைமுகத்துக்கு வந்தது. அதிலிருந்த சில பெட்டிகளில் நீர் சுத்திகரிப்புக் கருவிகள் இருப்பதாக ஆவணங்கள் கூறின. மாலுமிகளின் எதிர்ப்பையும் மீறிச் சுங்க அதிகாரிகள் அவற்றைத் திறந்தபோது, ஏவுகணை உதிரிபாகங்களும் அவற்றைத் தயாரிப்பதற்கான இயந்திரங்களும் வரைபடங்களும் கிடைத்தன. அச்சரக்கு லிபியாவுக்குச் செல்லவிருந்தது என விசாரணையாளர்கள் பின்னர் கருதினர்.

அணுகுண்டு மட்டும் இருந்தால் போதாது. அதைச் சுமந்து செல்ல ஏவுகணை வேண்டும். ஆகவே ஏவுகணை வணிகமும் அணு ஆயுதப் பரவலோடு இணைந்ததே. ஆனால் அப்போது வட கொரியா மீது ஐ.நா. தடை எதுவும் இல்லை. இந்தியா தன் சுங்கச் சட்டத்தைக் கொண்டே செயல்பட வேண்டியிருந்தது.

சட்டங்கள் உருவாதல்

2004 ஏப்ரலில் பாதுகாப்பு அவையின் 1540ஆம் தீர்மானம், பேரழிவு ஆயுதங்கள் பரவாமல் தடுக்கும் சட்டங்களை இயற்றுமாறு எல்லா நாடுகளையும் பணித்தது. இந்தியா 2005இல் அத்தகைய சட்டத்தை நிறைவேற்றியது. வட கொரியா 2006 அக்டோபர் 9 அன்று முதல் அணுச் சோதனை நடத்தியது. ஐந்தே நாளில் 1718ஆம் தீர்மானம் தடைகளை விதித்து, அவற்றைக் கவனிக்க ஒரு குழுவையும் அமைத்தது. 2009 மே மாதம் இரண்டாவது சோதனை நடந்தது. அடுத்த மாதம் வந்த 1874ஆம் தீர்மானம், சந்தேகத்துக்குரிய சரக்குகளைச் சோதிக்குமாறு நாடுகளைக் கேட்டுக்கொண்டதுடன், ஒரு வல்லுநர் குழுவையும் ஏற்படுத்தியது.

அந்தமான், 2009

இரண்டே மாதங்களில் அத்தீர்மானத்துக்கு வேலை வந்தது. மு சான் என்ற வட கொரியக் கப்பல் அனுமதியின்றி லிட்டில் அந்தமானின் ஹட் பே அருகே நங்கூரமிட்டது. இந்தியக் கடலோரக் காவல்படை பல மணி நேரம் துரத்தி அதை மடக்கியது. பின்னர் காக்கிநாடாவுக்குக் கொண்டுசென்று சோதித்ததில் சர்க்கரை மட்டுமே இருந்தது. இதை வீண் உழைப்பு என்று சொல்ல முடியாது. எந்தத் துறைமுகத்திலும் பெட்டி திறக்கப்படலாம் என்ற அச்சமே கடத்தலைச் செலவு மிக்கதாகவும் தாமதமானதாகவும் ஆக்குகிறது.

கண்காணிப்பவரும் கண்காணிக்கப்படுதல்

வல்லுநர் குழு கப்பல்களின் பயணப் பதிவு, செயற்கைக்கோள் படம், நிறுவனப் பதிவேடு ஆகியவற்றை ஒப்பிட்டு அறிக்கை வெளியிட்டது. அதன் பார்வைக்கு இந்தியாவும் தப்பவில்லை. டேராடூனில் உள்ள ஐ.நா. சார்ந்த விண்வெளிக் கல்வி மையத்தில் வட கொரியர்கள் பயிற்சி பெற்றதை 2016ஆம் ஆண்டு அறிக்கை சுட்டிக்காட்டியது. 2017 ஏப்ரலில், உணவும் மருந்தும் தவிர்த்து வட கொரியாவுடனான வணிகத்தை இந்தியா தடை செய்தது.

தடையின் மறுபக்கமும் இந்தியாவுக்குத் தெரியும். 1974 பொக்ரான் சோதனைக்குப் பின் கனடா அணுசக்தி ஒத்துழைப்பை நிறுத்தியது. அந்நிலையிலும் கல்பாக்கத்தின் முதல் அணு உலை உள்நாட்டு முயற்சியால் 1983இல் இயங்கத் தொடங்கியது. தடை ஒரு நாட்டின் வேகத்தைக் குறைக்கலாம். உறுதி கொண்ட நாட்டை அது மட்டுமே நிறுத்திவிடாது. வட கொரியாவும் 2017க்குள் ஆறு சோதனைகளை நடத்திவிட்டது.

இன்றைய நிலை

2024 மார்ச் 28 அன்று, வல்லுநர் குழுவின் பதவிக் காலத்தை நீட்டிக்கும் தீர்மானத்தை ரஷ்யா தன் வீட்டோ அதிகாரத்தால் தடுத்தது. ஏப்ரல் 30உடன் குழு முடிவுக்கு வந்தது. அமெரிக்கா, ஜப்பான், தென் கொரியா உள்ளிட்ட 11 நாடுகள் அதே ஆண்டு அக்டோபரில் தனிக் கண்காணிப்பு அணியை அறிவித்தன. ஆனால் அது பாதுகாப்பு அவையின் அமைப்பு அன்று. தடைகள் இன்றும் நடைமுறையில் உள்ளன. அவை மீறப்படுவதை உலகின் பொதுப் பெயரில் எடுத்துச் சொல்ல இருந்த குழுதான் இல்லை. கண்ட்லாவில் பெட்டியைத் திறந்த அதிகாரிகளைப் போன்றவர்களின் பொறுப்பு இதனால் கூடியிருக்கிறது.