ஹல்மிடிக் கல்

ஹாசன் மாவட்டம் பேலூர் தாலுகாவைச் சேர்ந்த சிற்றூர் ஹல்மிடி. 1936இல் மைசூர் சமஸ்தானத் தொல்பொருள் துறையின் இயக்குநர் எம்.ஹெச். கிருஷ்ணா அங்கே ஒரு மணற்கல்லைக் கண்டெடுத்தார். 16 வரிகள். கல்லில் ஆண்டுக் குறிப்பு ஏதுமில்லை. எழுத்தின் வடிவை வைத்தும், அதில் வரும் காகுஸ்தன் என்ற கதம்ப அரசனை வைத்தும் கி.பி. 450 என்று காலம் கணிக்கப்பட்டது. கன்னடத்தின் முதல் சாசனம் என்ற பட்டம் அதற்கு நிலைத்துவிட்டது. 2008இல் கன்னடம் செம்மொழியானபோது இந்தக் கல்லும் ஒரு சாட்சி.

தமிழில் நமக்கு இந்தத் தொன்மைப் போதை நன்றாகவே பழக்கம். கல்லின் வயது பேசப்படுகிற அளவுக்கு, அது என்ன சொல்கிறது என்பதை யாரும் பேசுவதில்லை.

சொல்வது எளிய விஷயம். கேகய-பல்லவரோடு பொருது வென்ற விஜ அரசன் என்ற வீரனுக்கு இரண்டு ஊர்களைத் தானமாகக் கொடுக்கிறார்கள். ஆனால் அதைச் சொல்லவரும் மொழி விசித்திரமானது. துவக்கம் விஷ்ணுவைத் துதிக்கும் சமஸ்கிருத சுலோகம். பிறகு, சபையிலிருந்த பெரியவர்களின் புகழ். போர் வேள்வியாகிறது, வீரன் குல ஆகாயத்துச் சந்திரன் ஆகிறான். எல்லாம் நீண்ட சமஸ்கிருதத் தொகைகள். நடுநடுவே 'நாடுள்', 'இர்வர்', 'எந்து' என்று ஒட்டுக்கற்கள் மாதிரி கன்னடம். நமது உள், இருவர், என்று என்பவைதாம் அவை.

இந்தப் புகழுரை ஓய்ந்து காரியத்துக்கு வரும்போதுதான் கன்னடம் நிமிர்கிறது. 'பல்மடியும் மூழிவள்ளியும் கொட்டார்.' கொடுத்தார்கள் என்று பொருள். 'உம்' இரண்டு முறை வந்து இரண்டு ஊர்களையும் கோக்கிறது. தமிழ் வாசகனுக்கு அகராதி வேண்டாம். கொடைக்குப் பெயர் 'பாள்கழ்சு': வாள் கழுவுதல். ரத்தம் பட்ட வாளைக் கழுவியதற்கு ஈடாக நிலம். இவ்வளவு தொகைகளுக்குப் பின்னால் கல்லில் உண்மையான படிமம் என்று எனக்குப் படுவது இந்த ஒரு சொல்தான். அது வீட்டுச் சொல்.

அதாவது புகழ்வதற்கு இரவல் மொழி, நிலம் கைமாறுவதற்குச் சொந்த மொழி. இதைத் தாழ்வென்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நிலம் யாருடையது என்பதை ஊரார் அறிந்தாக வேண்டும். சந்திர உவமை புரியாவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. இந்தக் கல்லுக்கும், நமக்குக் கிடைக்கும் முதல் கன்னட நூலான 'கவிராஜமார்க்க'த்துக்கும் இடையே 400 ஆண்டுகள். அந்த இடைவெளியில் புகழும் வேலையையும் கன்னடமே கற்றுக்கொண்டுவிட்டது.

பல்மடி எப்படி ஹல்மிடி ஆயிற்று என்பது இன்னொரு கதை. பத்தாம் நூற்றாண்டு வாக்கில் தொடங்கி கன்னடத்தில் சொல் முதல் பகரம் ஹகரமாயிற்று. பால் ஹாலு, புலி ஹுலி. 'கழ்சு'வில் இருந்த ழகரமும் பின்னால் போய்விட்டது. மொழி தன்னை மாற்றிக்கொண்டே உயிரோடிருந்தது; ஊரின் பெயரும் கூடவே மாறியது. ஆதி வடிவம் தூயது என்பவர்கள் ஹல்மிடியைப் பல்மடி என்று கூப்பிட்டுப் பார்க்கலாம்.

முதல் என்ற பட்டமும் இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. சிலர் முன்பே ஹல்மிடிக் கல்லை ஆறாம் நூற்றாண்டுக்குத் தள்ளினார்கள். அகழாய்வில் தாளகுந்தாவில் கிடைத்த சமஸ்கிருத-கன்னடச் சாசனம் ஒன்றுக்கு கி.பி. 370 என்று காலம் சொல்லப்படுகிறது. இரண்டு தேதிகளுக்கும் சண்டை நடக்கலாம். பாள்கழ்சு என்ற சொல்லுக்கு இதனால் ஒன்றும் குறைவதில்லை.

கொடையை அழிப்பவனுக்கு மகாபாதகம் என்று கல் எச்சரிக்கிறது. அசல் கல் இன்று ஊரில் இல்லை. அரசாங்கம் எடுத்துப்போய்ப் பாதுகாக்கிறது. ஊரில் நிற்பது ஃபைபர் கிளாஸில் செய்த நகல். சாசனத்தின் கடைசி வரி நன்செய் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைப் பட்டர்களுக்கு விடுகிறது. உழுதவர் பெயர் பதினாறு வரிகளில் எங்கும் இல்லை.