கணைக்கால் எலும்பு முறிவு: மருத்துவப் பதிவும் குறியீடும்

முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடையில் உடலின் பாரத்தைத் தாங்கி நிற்கும் பெரிய எலும்பு முறிந்தவிடத்து, அம்முறிவின் ஸ்தானம், வடிவம், ரணத்தின் தன்மை, அளிக்கப்பட்ட சிகிச்சை ஆகியவற்றை வைத்தியர் எழுத்தில் பதிவதும், அப்பதிவைச் சர்வதேச வகைப்பாட்டின் பிரகாரம் எண்ணும் எழுத்தும் சேர்ந்த குறியீடாக மாற்றுவதும் இங்கே விவரிக்கப்படுகின்றன. டிபியா எனப்படும் இவ்வெலும்பின் முன் உட்புறம் தசையின் காப்பின்றித் தோலுக்கு நேர்கீழே கிடப்பதால், முறிந்த முனை தோலைக் கிழித்துக்கொண்டு வெளிப்படுவது ஏனைய நீண்ட எலும்புகளைக் காட்டிலும் இதில் மிகுதி. ஆகையால், முறிவு மூடியதா திறந்ததா என்னும் வினாவே இதன் பதிவு வரலாற்றை ஆதி முதல் நடத்தி வந்திருக்கிறது.

ஆதிப் பதிவுகள்: கிருமிகளைப் பற்றிய ஞானம் பிறவாத காலத்தில், திறந்த முறிவு என்றால் காலை வெட்டி எறிவதே பெரும்பாலும் சிகிச்சையாயிருந்தது. 1756ஆம் ஆண்டில் லண்டன் நகரத்து அறுவை வைத்தியர் பெர்சிவல் பாட் குதிரையிலிருந்து விழுந்து, எலும்பு தோலைத் துளைத்து வெளிவரக் காலை முறித்துக்கொண்டபோது, அதை வெட்டுவதற்குக் கருவிகள் சித்தமாயிருந்தும், அவருடைய ஆசிரியர் எட்வர்ட் நோர்ஸின் ஆலோசனையால் அக்கால் காப்பாற்றப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1865 ஆகஸ்ட் 12இல், வெறும் வண்டியின் சக்கரம் ஏறி இடக்கால் முறிந்த 11 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு, கிளாஸ்கோ ராயல் இன்ஃபர்மரியில் அறுவை வைத்தியர் ஜோசப் லிஸ்டர் கிருமிகளைக் கொல்லும் கார்பாலிக் அமிலம் தடவிச் சிகிச்சை செய்தார். 1867இல் ‘லான்செட்’ பத்திரிகையில் அவர் பிரசுரித்த விவரத்தில், ரணம் 1½ அங்குல நீளமும் ¾ அங்குல அகலமும் உடையது, முறிவுக் கோட்டுக்கு அருகிலிருந்தும் நேராக அதன்மேல் அமையாதது என்பன போன்ற நுட்பங்கள் யாவும் இடம்பெற்றன. ஆறு வாரத்தில் எலும்பு கூடியது. இவ்வளவு சிரத்தையோடு எழுதிய குறிப்பு இல்லாதிருந்தால், அச்சிகிச்சையின் பலனைப் பிறர் ஒப்புநோக்கிச் சோதிக்க வழியே இருந்திராது.

சர்வதேச வகைப்பாடு: இங்கிலாந்தின் பதிவாளர் அலுவலகத்தில் வில்லியம் ஃபார் தொடங்கிய நோய்ப் புள்ளிவிவர முயற்சி, 1893இல் பிரெஞ்சுப் புள்ளியியலார் ஷாக் பெர்த்தியோன் சிகாகோ நகரில் சமர்ப்பித்த பட்டியலாகக் கனிந்தது. ஆயினும் அது மரண காரணங்களின் பட்டியலே. கால் முறிந்து பிழைத்து நடந்தவனுக்கு அதில் இடமில்லை. உலக சுகாதார ஸ்தாபனம் பொறுப்பேற்று 1948இல் வெளியிட்ட ஆறாம் திருத்தமே மரணத்தோடு நோய்களையும் காயங்களையும் ஒருங்கே தழுவியது. காயம் நேர்ந்த காரணம் வேறு, காயத்தின் இயல்பு வேறு என இரு வரிசைகளும் அதில் வகுக்கப்பட்டன. ஒன்பதாம் திருத்தத்தைத் தழுவி அமெரிக்கா 1979 முதல் கையாண்ட பதிப்பில், 823 என்னும் எண் இம்முறிவுக்கு உரியதாயிற்று, 823.2 தண்டின் மூடிய முறிவையும், 823.3 அதன் திறந்த முறிவையும் குறித்தன. முறிவு வலக்காலிலா இடக்காலிலா என்பதை உணர்த்த அவ்வெண்களில் இடமில்லை.

வைத்தியர்களின் வகுப்புகள்: 1958இல் சுவிட்சர்லாந்தில் தோன்றிய ஏ.ஓ. என்னும் எலும்பு முறிவுச் சிகிச்சை ஆய்வுக் குழுவின் ஸ்தாபகர்களுள் ஒருவரான மாரிஸ் முல்லர் அமைத்த வகைப்பாட்டில், கணைக்காலுக்கு 4 என்னும் எண் உரியது. 41 மேல்முனையையும், 42 தண்டையும், 43 கீழ்முனையையும் சுட்டும். ரணத்தின் கொடுமையை அளந்தவர்கள் கஸ்டிலோ, ஆண்டர்சன் ஆகிய இருவர். 1976இல் வெளிவந்த அவர்களுடைய வகுப்பின்படி, ஒரு சென்டிமீட்டருக்கு உட்பட்ட தூய ரணம் முதல் வகை. அதற்கு மேற்பட்டும் தசைச் சேதம் அதிகமில்லாதது இரண்டாம் வகை. பெருஞ்சேதமுற்றது மூன்றாம் வகை. 1984இல் மூன்றாம் வகை மூன்றாகப் பிரிக்கப்பட்டு, செப்பனிட வேண்டிய ரத்தநாளச் சேதம் அவற்றுள் கடைசியாக வைக்கப்பட்டது.

பத்தாம் திருத்தம்: 1990இல் அங்கீகாரம் பெற்ற பத்தாம் திருத்தத்தில் கீழ்க்கால் முறிவுகள் எஸ்82 என்னும் தலைப்பின்கீழ் வந்தன. 2015 அக்டோபர் முதல் தேதியில் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்த விரிவான பதிப்பு, வைத்தியர்களின் மேற்சொன்ன அனுபவத்தையும் குறியீட்டுக்குள் கொண்டுவந்தது. எஸ்82.221ஏ என்பதை எடுத்துக்கொண்டால், எஸ்82.2 கணைக்கால் எலும்பின் தண்டையும், அடுத்த 2 குறுக்கு முறிவையும், இறுதி 1 துண்டுகள் இடம்பெயர்ந்த வலக்கால் என்பதையும், ‘ஏ’ மூடிய முறிவுக்குச் சிகிச்சை நடந்துகொண்டிருப்பதையும் தெரிவிக்கின்றன. ‘ஏ’யின் ஸ்தானத்தில் ‘பி’ வந்தால் கஸ்டிலோ வகுப்பின் முதலிரு வகைகளும், ‘சி’ வந்தால் மூன்றாம் வகையும் குறிக்கப்படும். எலும்பு கிரமமாகக் கூடுவதற்கும், தாமதமாவதற்கும், கூடாமற் போவதற்கும், கோணலாகக் கூடுவதற்கும் வெவ்வேறு எழுத்துக்கள் உண்டு. சிகிச்சைக்குரிய எண்களோ, அமெரிக்க மருத்துவ சங்கம் 1966இல் தொடங்கிய தனிப் பட்டியலைச் சேர்ந்தவை. முறிவை நேர்செய்யாமல் மாவுக்கட்டு மட்டும் போடுவது 27750, மஜ்ஜைக் குழலில் ஆணி செலுத்துவது 27759.

பதிவின் நியதிகள்: குறியீடு இடுபவர் வைத்தியர் எழுதாத ஒன்றைத் தாமாக ஊகித்துச் சேர்த்தல் ஆகாது. ஆயினும், முறிவு திறந்ததா மூடியதா என்ற குறிப்பே இல்லையெனில் மூடிய முறிவென்றும், இடப்பெயர்ச்சி சொல்லப்படவில்லையெனில் இடம்பெயர்ந்ததென்றும் கொள்வது அமெரிக்கப் பதிப்பின் விதி. எனவே, எலும்பு வெளியே தெரிந்த நோயாளியின் குறிப்பில் ‘திறந்த’ என்ற ஒரு சொல் விடுபட்டால், பல அறுவைகளுக்கு ஆளான அந்தக் கால், ஏட்டில் எளிய முறிவாகவே நின்றுவிடும். காப்பீட்டுத் தொகையும் ஆஸ்பத்திரியின் புள்ளிவிவரமும் ஒருசேரப் பிழைபடும். அமெரிக்க மருத்துவக் குறிப்புகளை வாசித்துக் குறியீடிடும் நிறுவனங்கள் பல சென்னையில் இயங்குவதால், இவ்விதிகள் தமிழ் இளைஞர் பலரின் அன்றாடத் தொழிலாகவும் ஆகியிருக்கின்றன. ஐயம் எழுமிடத்து வைத்தியரிடம் கேட்டுத் தெளிந்த பின்னரே எண்ணிடுவது அத்தொழிலின் தர்மம்.

தற்கால நிலை: 2019இல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரியில் அமலுக்கு வந்த பதினோராம் திருத்தம், மூலக் குறியீட்டோடு பக்கம், வடிவம், திறந்த நிலை முதலியவற்றுக்கான துணைக் குறியீடுகளைத் தேவைக்கேற்பக் கோத்துக்கொள்ள இடமளிக்கிறது. எவ்வளவு விரிந்த வகைப்பாடும், நோயாளியின் அருகே நின்று ரணத்தைக் கண்டவர் எழுதியதையே எண்ணாக்க வல்லது. ஆதலால் குறியீட்டின் மெய்ம்மைக்கு முதற்பொறுப்பு அவருடையதேயாகும்.