முதல் முன்பள்ளி ரீச்சருக்குச் சம்பளம் கொடுத்தது யார்?

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

கலாசாலையில் முன்பிள்ளைப்பருவக் கல்வி என்ற பகுதி வந்தால் எங்களுக்குச் சொல்லித் தரப்படும் பெயர்கள் தெரிந்தவைதான். 1837இல் ஜெர்மனியில் சிறுவர்களுக்காக ஒரு நிலையம் திறந்து, 1840இல் அதற்குக் கிண்டர்கார்டன் என்று பெயர் வைத்த புரோபல். 1907இல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் வேலையைத் தொடங்கிய மரியா மொண்டிசோரி. பரீட்சைக்கு இவ்வளவும் போதும். ஆனால் புரோபலுக்கு ஏறத்தாழ எழுபது வருடங்களுக்கு முன்னரே, பிரான்ஸின் ஒரு மலைக் கிராமத்தில், பாடசாலை வயது வராத பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பார்த்துக்கொண்டு, அவர்களுக்குப் படிப்பித்தும் கொடுத்த பெண்கள் இருந்தார்கள். அந்த வேலை ஒரு தேவாலயத்தின் பொறுப்பில் நடந்தது. நாங்கள் எழுத வந்தது அவர்களைப் பற்றித்தான்.

இடம் அல்சாஸ் பகுதியின் வோஜ் மலைச்சரிவு. ஜெர்மன் மொழியில் ஷ்டைன்தால், அதாவது கல் பள்ளத்தாக்கு. பெயரே நிலத்தின் நிலைமையைச் சொல்லிவிடும். குளிர்காலம் நீளம், மண் மெலிவு, உருளைக்கிழங்குதான் பெரிய சாப்பாடு. மக்கள் லூத்தரன் கிறிஸ்தவர்கள். கத்தோலிக்க மன்னர் ஆண்ட நாட்டில் அவர்கள் சிறுபான்மை. 1767இல் ஜோன் ஃபிரெடெரிக் ஒபர்லின் என்ற 26 வயதுப் போதகர் ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்திலிருந்து வால்டெர்ஸ்பாக் என்ற கிராமத்துக்கு வந்து சேர்ந்தார். 1826இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். அந்த மனிதர் வேதம் ஓதிவிட்டு வீட்டில் இருந்தவரல்ல. பாதை வெட்டினார், பாலம் கட்டினார், நல்ல விதைக்கிழங்கு கொண்டுவந்தார், கடன் கொடுக்க ஒரு நிதியும் வைத்தார். அவருக்கு முன்னிருந்த ஸ்டூபர் என்ற போதகரும் பாடசாலைக்காகப் பாடுபட்டவர்தான்.

பாடசாலை இருந்தது. ஆனால் நாலு வயதுப் பிள்ளை எங்கே போகும்? தாயும் தகப்பனும் வயலில். மூத்த பிள்ளைகள் பாடசாலையில், இல்லாவிட்டால் அவர்களும் வயலில். சின்னதுகள் தெருவில்.

பெல்மோன் என்ற கிராமத்தில் சாரா பன்ஸே என்று ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண் இருந்தார். 1745இல் பிறந்தவர். தன் வீட்டில் ஊர்ப் பிள்ளைகளைச் சேர்த்து வைத்துக் கம்பளி நூல் பின்னக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். யாரும் சொல்லிச் செய்ததல்ல. 1769இல் இதைக் கேள்விப்பட்ட ஒபர்லின் அவரைத் தேடிப் போனார். சாராவின் வாப்பாவுக்கு இந்த வேலையில் விருப்பமில்லை. மகள் ஊரார் பிள்ளைகளோடு நேரத்தைச் செலவழிப்பதால் வீட்டுக்கு என்ன வருமானம் என்பது அவருடைய கேள்வி. நியாயமான கேள்வி என்றே நாங்கள் நினைக்கிறோம். ஒபர்லின் அவருக்குப் புண்ணியக் கதை சொல்லவில்லை. சாராவைச் சம்பளத்துக்கு அமர்த்தினார்.

எங்கள் பார்வையில் முன்பள்ளியின் வரலாறு தொடங்குவது இந்த இடத்தில்தான். அன்புள்ள பெண்கள் ஊரார் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது உலகம் முழுக்க எப்போதும் நடந்ததுதான். அதை ஒரு தொழிலாக ஏற்று ஒருவர் காசு கொடுத்ததுதான் புதிது.

அந்த இடங்களுக்கு மக்கள் வைத்த பெயரின் பொருள் 'பின்னுவதற்கான சூடான அறை' என்பது. மலைக்குளிரில் அடுப்பு எரிகிற ஓர் அறைதான் பெரிய வசதி. ஒபர்லினின் மனைவி மடலென் சலோமே தன் வீட்டிலேயே இன்னும் சில பெண்களைப் பழக்கி எடுத்தார். கிராமத்துக்குக் கிராமம் அறைகள் கூடின. அந்தப் பெண்களுக்கு ஒபர்லின் வைத்த பட்டம் 'இளம்பிள்ளைகளை வழிநடத்துபவர்'. அதில் ஆயா என்ற பொருளும் இல்லை, வாத்தியார் என்ற பொருளும் இல்லை.

உள்ளே என்ன நடந்தது? பெரிய பிள்ளைகள் வட்டமாக இருந்து பின்னுவார்கள், சின்னவர்கள் விளையாடுவார்கள். நடுவில் இருப்பவர் வேதக் கதை சொல்லுவார், பாட்டுப் பாடுவார், படம் காட்டி விளக்குவார். காட்டுச் செடிகளைக் கொண்டுவந்து பெயர் கேட்பார்கள். வரைபடமும் இருந்தது. சொந்தக் கிராமத்தில் தொடங்கி வெளியே போகிற மாதிரி. இன்று தரம் 1இல் 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்' என்று நாங்கள் செய்வதைப் பார்த்தால் வித்தியாசம் பெரிதில்லை. பராமரிப்பு ஒரு பக்கம், கல்வி ஒரு பக்கம் என்று அங்கே பிரிக்கவேயில்லை.

குறையும் சொல்ல வேண்டும். சின்ன விரல்கள் கம்பளி பின்னியது வறுமையால். கைத்தொழில் தெரிந்தால் வருமானம் வரும் என்ற கணக்கு அதில் இருந்தது. இன்றைய கண்ணுக்கு அது சங்கடமாகவே படும். வேடிக்கை என்னவென்றால், அதே பள்ளத்தாக்கின் ஃபூடே கிராமத்தில் நாடா நெய்யும் தொழிலை நடத்திய டானியேல் லெக்ராண்ட், பிள்ளைகளின் வேலை நேரத்தைச் சட்டத்தால் கட்டுப்படுத்த வேண்டும் என்று பல நாட்டு அரசுகளுக்கு எழுதியவர். சர்வதேசத் தொழிலாளர் சட்டத்தின் முன்னோடிகளில் ஒருவராக அவரைச் சொல்லுகிறார்கள்.

இன்னொன்று மொழி. பிள்ளைகள் வீட்டில் பேசியது அந்த மலையின் பேச்சுமொழி. அறையில் படிப்பித்தது பிரெஞ்சு. நர்சரியில் பிள்ளை இங்கிலிஷ் பேசினால்தான் பெருமை என்று நிற்கும் எங்கள் பெற்றோருக்கு இது புதினமாக இராது. பிரெஞ்சு தெரிந்ததால் அந்தப் பிள்ளைகளுக்கு வெளியுலகக் கதவு திறந்தது உண்மை. வீட்டு மொழி மெல்ல ஒதுங்கியதும் உண்மை.

சாரா 1774இல் இறந்துவிட்டார். முப்பது வயதுகூட ஆகவில்லை. அதன்பின் வந்தவர்களில் பெயர் பெற்றவர் லூயிஸ் ஷெப்லெர். 1763இல் பெல்ஃபோஸ் கிராமத்தில் பிறந்தவர், பதினைந்து வயதளவில் ஒபர்லின் வீட்டுக்கு வேலைக்கு வந்தவர். 1783இல் போதகரின் மனைவி இறந்தபோது அந்த வீட்டையும் தாயில்லாப் பிள்ளைகளையும் லூயிஸ் ஏற்றுக்கொண்டார். பின்னல் அறைகளையும் விடவில்லை. ஒரு கட்டத்தில் சம்பளம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். வேலைக்காரியாகப் பார்க்காமல் மகளாக நினைத்தால் போதும் என்றார். ஒபர்லின் இறந்த பிறகு பிள்ளைகள் சொத்தில் பங்கு கொடுக்க வந்தபோதும் வாங்கவில்லை. ஒபர்லின் என்ற பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொள்ள அனுமதி மட்டும் கேட்டார்.

1829இல் பிரெஞ்சு அக்கடமி அவருக்கு நற்பண்புக்கான மொன்தியோன் பரிசை, 5,000 பிராங்கை வழங்கியது. அறிக்கையை வாசித்தவர் அன்றைய பெரிய விஞ்ஞானி குவியே. சிறுவர் அறை என்ற எண்ணமே லூயிஸுடையது என்று அதில் பாராட்டப்பட்டது. கணக்குப் பார்த்தால், சாராவை ஒபர்லின் வேலைக்கு அமர்த்திய வருடம் லூயிஸுக்கு ஆறு வயது.

லூயிஸின் தியாகத்தை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. அல்லாஹ்வுக்காகச் செய்கிற வேலையின் அருமை எங்களுக்கும் தெரியும். ஆனால் சம்பளம் வாங்கிய சாரா மறந்துபோய், சம்பளம் வேண்டாம் என்ற லூயிஸ் மேடையில் ஏற்றப்பட்டது எங்களை உறுத்துகிறது. முன்பள்ளி ரீச்சர் என்றால் 'சேவை மனப்பான்மை' என்று தொடங்கும் பேச்சுக்கு வேர் இங்கேதான் இருக்கிறதோ என்னவோ.

பிரான்ஸில் இந்த வகை இடங்கள் 1820களில் நகரங்களிலும் வந்தன. 1881இல் அவை பொதுக் கல்வியின் பகுதியாகி 'எக்கோல் மத்தர்னெல்' என்ற பெயர் பெற்றன. இன்று அங்கே அரச முன்பள்ளி ஆசிரியரும் ஆரம்பப் பாடசாலை ஆசிரியரும் ஒரே சேவை, ஒரே சம்பளத் திட்டம்.

எங்கள் நாட்டில் 1945இன் இலவசக் கல்வி 'பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை' என்று பேசப்பட்டது. இன்று அரச பாடசாலை தரம் 1இல்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய வயது தேவாலயத்துக்கும் பள்ளிவாசலுக்கும் விகாரைக்கும் சங்கங்களுக்கும் தனியாருக்கும் பெரும்பாலும் விடப்பட்டிருக்கிறது. எங்கள் பகுதிகளில் எத்தனையோ முஸ்லிம் பிள்ளைகள் முதலில் பென்சில் பிடித்தது கன்னியர் மடத்து நர்சரியில்தான். தரம் 1க்கு வரும் பிள்ளையின் கையைப் பார்த்தே, யாரோ ஒருவர் அதோடு இரண்டு வருடம் இருந்திருக்கிறார் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். அந்த யாரோ ஒருவர் மாதம் எவ்வளவு வாங்குகிறார் என்று நிர்வாகத்தில் இருப்பவர்களிடம் ஒருக்கால் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் ஊரில் முதல் முன்பள்ளி எப்போது, எந்தக் கட்டடத்தில் தொடங்கியது, அதற்கு யார் காசு கொடுத்தார்கள் என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். மூத்தவர்களிடம் கேட்டாவது எழுதுங்கள்.