ஒரு வாய்ப் பெட்டியும் நாலு வாய்ப் பெட்டியும்

கேரள எல்லையோரப் பாறசாலையில் நாங்கள் முதலில் குடியிருந்த வீட்டில் கீழே இரண்டு, மாடியில் இரண்டு என நாலு குடித்தனம். தபால் போட நாலுக்கும் சேர்த்து மாடிப்படிக்கடியில் ஒரே தகரப்பெட்டி. கொண்டி இருந்தது, பூட்டு இல்லை. பிறகு நெய்யாற்றின்கரைக்கு மாறினோம். அங்கும் நாலு குடித்தனம்தான். ஆனால் கேட்டைத் தாண்டியதும் இடதுபக்கச் சுவரில் நாலு அறைப் பெட்டி, அறைக்கொரு கதவு, கதவுக்கொரு பூட்டு. முன்பு அங்கேயும் ஒற்றைத் தகரம்தானாம். ஒருவருக்கு வந்த பாங்குக் கடிதத்தை இன்னொருவர் பிரித்துப் படித்துவிட, வாய்ச்சண்டை வீட்டுக்காரர் வரை போய், அவர் செலவோடு செலவாகப் பெட்டியை மாற்றிவிட்டார்.

தகரப்பெட்டியை முழுக்கக் குறைசொல்ல மாட்டேன். நாங்கள் ஊருக்குப் போயிருந்த நாட்களில் கீழ்வீட்டு அக்கா எங்கள் கடிதங்களை எடுத்து, அரிசி டப்பா மேல் அடுக்கி வைத்திருப்பார். போஸ்ட்மேனுக்கும் சுலபம், மொத்தமாகப் போட்டுவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடலாம். ஆனால் நம் கடிதத்தைத் தேட மற்ற மூன்று வீட்டுக் கடிதங்களையும் புரட்டியாக வேண்டும். யாருக்கு வக்கீல் நோட்டீஸ், யாருக்குக் கடன் பாக்கி என்பது உறையின் மூலையிலேயே தெரிந்துவிடும். அடியில் கிடப்பது எப்போதோ காலி செய்துபோனவர்களின் கடிதங்கள். ஒருமுறை கையை விட்டபோது குளவி கட்டிய மண்கூடுதான் விரலில் இடித்தது.

‘முக்கியமான தபால் கையெழுத்து வாங்கித்தானே தருவான், பெட்டிக்கு எதற்குப் பூட்டு?’ என்று கேட்பவர்கள் உண்டு. பாஸ்போர்ட்டுக்கு அது சரி. ஸ்பீட் போஸ்டில் வந்து கையில்தான் தருவார்கள். ஆனால் ஆதார் கடிதம் சாதாரணத் தபாலில் வருகிறது. பெயர், முகவரி, பிறந்த தேதி, எண் எல்லாம் ஒரே தாளில். அதை வாங்க ஆள் இருக்க வேண்டியதில்லை. கொண்டியை நீக்கத் தெரிந்தால் போதும்.

இந்தப் பகுதி ஒருகாலத்தில் கடிதத்தை எப்படிக் காத்தது என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. திருவிதாங்கூர் அரசுக்குச் சொந்தமாகவே தபால் இருந்தது. அதன் பெயரே ‘அஞ்சல்’. வார்ப்பிரும்பில், சங்கு முத்திரையோடு பெட்டி செய்து நிறுத்தினார்கள். அசைக்க நாலு ஆள் வேண்டும். 1951-இல் அது இந்தியத் தபால்துறையோடு சேர்ந்தது. புறப்படும் கடிதத்துக்கு அத்தனை இரும்பு. வந்துசேரும் கடிதத்துக்குக் காவல் வீட்டுக்காரர் மனசைப் பொறுத்தது.

நாலு வாய்ப் பெட்டிக்கும் குறை உண்டு. அங்கே போஸ்ட்மேன் பெயரைப் படித்துப் போட வேண்டும். எல்லையூரில் இது சின்ன விஷயமல்ல. 1956-இல் விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டுக்குப் போனது, நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. குடும்பங்களோ இரண்டு பக்கமும் இருக்கின்றன. பாறசாலையின் பின்கோடு 695502, தமிழ்நாட்டுப் பக்கத்துக் களியக்காவிளைக்கு 629153. இரண்டும் ஆறில்தான் தொடங்கும். வருகிற முகவரி சிலது தமிழில், சிலது மலையாளத்தில், மீதி ஆங்கிலத்தில். பெட்டியில் பழைய குடித்தனக்காரர் பெயர் அப்படியே இருந்தால் உங்கள் கடிதம் அடுத்த வீட்டு அறையில் விழுந்து, அவர் சாவிக்குள் உட்கார்ந்துகொள்ளும். தகரப்பெட்டியாக இருந்தால் கண்ணிலாவது பட்டிருக்கும்.

இதைவிட மோசம், காலி செய்தவர் கையிலேயே தங்கிவிடும் சாவி. எங்களுக்கு முன்பிருந்தவர் ஒன்றைத்தான் திருப்பிக் கொடுத்தார்; இன்னொன்று எங்கே என்று யாரும் கேட்கவில்லை. நான் கடையில் மேசை இழுப்பறைப் பூட்டு ஒன்று வாங்கி, அரை மணி நேரத்தில் மாட்டிக்கொண்டேன். வாய் அகலமாக இருந்ததும் தொல்லைதான். நீளக் கடித உறை 22 சென்டிமீட்டர் நீளம், 11 அகலம். குறுக்குவாட்டில் நுழைய இரண்டு விரல் உயரம் தாராளம். அங்கே வெட்டியிருந்ததோ என் மகனின் கை முழங்கைவரை போகும் அளவுக்கு. உள்ளே சாய்வாக ஒரு தகடு வைத்துத் தைத்தபிறகுதான் அது பெட்டியானது. ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் ஒரு மழை என்று இரண்டையும் வாங்கும் ஊர் இது. மேலே கூரைபோல ஒரு விளிம்பு இல்லாவிட்டால் கடிதம் கூழாகிவிடும்.

சிங்கப்பூரின் அடுக்குமாடி வீடுகளில் இதற்கு வேறு வழி. தபால்காரரிடம் உள்ள ஒரு சாவி எல்லா அறைகளுக்கும் பொதுவான பெரிய கதவைத் திறக்கும். அவர் உள்ளே போட்டுப் பூட்டிவிட்டுப் போவார், குடியிருப்பவர் தன் அறையை மட்டும் திறப்பார். அமெரிக்காவிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். நம்மூர்ப் போஸ்ட்மேனிடம் அப்படியொரு சாவி இல்லை, ஆகவே வாய் வைத்த பெட்டியோடுதான் காலம் தள்ள வேண்டும்.

என் கணக்கில் நாலு வாய்ப் பெட்டியே மேல். ஆனால் ஆள் மாறும்போது பூட்டையும் பெயரையும் மாற்றாத வீட்டில் அது தகரத்தைவிடக் கேடு. வீட்டுக்காரர்களே, அட்வான்ஸ் எண்ணி வாங்கும் அன்றைக்கே பூட்டை மாற்றி, பெயரைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி ஒட்டிவிடுங்கள். காலி செய்கிறவர்கள் தபாலாபீசில் புது முகவரியை எழுதிக் கொடுத்துவிட்டு, சாவி இரண்டையும் மறக்காமல் திருப்பிக் கொடுங்கள்.