கபால் நரகம்

கபால் நரகம் என்பது ஹாஸ்கெல் நிரலாக்க மொழியில், ஒன்றையொன்று சார்ந்த பொதிகளின் பதிப்புகள் முரண்பட்டு, நிரலைக் கட்ட இயலாமல் போகும் நிலையைக் குறிக்கும் வழக்குச் சொல் ஆகும். மூல நிரலைப் பெயர்த்து, தேவையான நிரலகங்களுடன் இணைத்து, இயங்கும் வடிவத்திற்குக் கொண்டு வருவதே இங்கு கட்டுதல் எனப்படுகிறது. 2000களின் பிற்பகுதியிலிருந்து 2010களின் நடுப்பகுதி வரை ஹாஸ்கெல் பயில்வோரைப் பெரிதும் இடர்ப்படுத்திய நடைமுறைச் சிக்கல்களுள் இதுவும் ஒன்று. நேற்று வரை பிழையின்றிக் கட்டப்பட்ட ஒரு நிரல், தொடர்பில்லாத வேறொரு பொதியை நிறுவியதன் பின்னர் கட்டப்படாமல் போவது இதன் முதன்மை அறிகுறியாகும்.

மதிப்புகளை மாற்றி எழுதாமல் கணிப்பது செயற்கூற்று நிரலாக்கத்தின் அடிப்படைக் கொள்கை. அக்கொள்கையைப் பின்பற்றும் ஒரு மொழியின் பொதிகள், நிறுவும் ஒவ்வொரு முறையும் மாற்றி எழுதப்படும் ஒரு தரவுத்தளத்தில் வைக்கப்பட்டிருந்தமையே இச்சிக்கலின் முக்கியக் காரணம். மொழியின் கொள்கை கட்டும் கருவிக்கும் பொருத்தப்பட்ட பிறகே இதன் பெரும்பகுதி தீர்ந்தது.

பெயர்

மென்பொருள்களின் சார்புகள் முரண்படுவதைப் பொதுவாகச் சார்பு நரகம் என்பர். விண்டோசு இயங்குதளத்தில் பகிர்வு நிரலகங்களால் ஏற்பட்ட இதையொத்த சிக்கல் டிஎல்எல் நரகம் என அழைக்கப்பட்டது. அவ்வழக்கைப் பின்பற்றி, ஹாஸ்கெலின் பொதி அமைப்பான கபாலின் பெயரால் இச்சிக்கல் அழைக்கப்படலாயிற்று. எனினும் இதன் காரணங்களுள் சில கபாலைச் சார்ந்தவை அல்ல. அவை நிரல்பெயர்ப்பியின் இயல்பிலிருந்து எழுந்தவை.

பின்னணி

ஹாஸ்கெல் மொழியை வடிவமைப்பதற்கான குழு 1987 ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. மொழியின் முதல் வரையறை 1990 இல் வெளியானது. கிளாசுக்கோ பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்ட கிளாசுக்கோ ஹாஸ்கெல் நிரல்பெயர்ப்பி (சுருக்கமாக ஜிஎச்சி) இம்மொழிக்குப் பரவலாகப் பயன்படும் நிரல்பெயர்ப்பி ஆகும்.

தொடக்கத்தில் ஒவ்வொரு நிரலகத்தையும் நிறுவ அதற்கே உரிய வழிமுறையைப் பின்பற்ற வேண்டியிருந்தது. இக்குறையைப் போக்கக் கபால் என்னும் பொது அமைப்பு உருவாக்கப்பட்டது. ஒரு பொதியின் பெயர், பதிப்பு, சார்புகள் ஆகியவற்றை ஒரே கோப்பில் விவரிக்கும் முறையை இது வகுத்தது. இதனை விளக்கும் ஆய்வுக்கட்டுரை 2005 இல் வெளிவந்தது. ஹாக்கேச் என்னும் இணையப் பொதிக் களஞ்சியம் 2007 முதல் இயங்கி வருகிறது. களஞ்சியத்திலிருந்து பொதியையும் அதன் சார்புகளையும் தானாகவே பெற்று நிறுவும் கபால்-இன்ஸ்டால் என்னும் கட்டளைவரிக் கருவியும் உருவானது.

இக்கருவிகளால் பொதிகளைப் பகிர்வது எளிதாயிற்று. பொதிகளின் எண்ணிக்கை விரைந்து வளர்ந்தது. வளர வளர அவற்றிற்கிடையேயான முரண்பாடுகளும் பெருகின.

சிக்கலின் காரணங்கள்

வைர வடிவச் சார்பு

ஒரு நிரல், அ, ஆ என்னும் இரு பொதிகளைப் பயன்படுத்துவதாகக் கொள்வோம். அவ்விரண்டும் இ என்னும் மூன்றாவது பொதியைச் சார்ந்துள்ளன. அ கட்டப்பட்டபோது இ-யின் 1.0 பதிப்பும், ஆ கட்டப்பட்டபோது 1.1 பதிப்பும் பயன்படுத்தப்பட்டிருக்கலாம். சார்புகளைக் கோடுகளால் வரைந்தால் வைர வடிவம் கிடைப்பதால் இது வைர வடிவச் சார்பு எனப்படுகிறது.

இந்நிலையில் இ வரையறுக்கும் ஒரு தரவினம், நிரல்பெயர்ப்பியின் பார்வையில் இரு வேறு தரவினங்களாகிறது. அ திருப்பியளிக்கும் மதிப்பை ஆ-வின் செயற்கூறு ஒன்றுக்கு அளித்தால், தரவினம் பொருந்தவில்லை என்னும் பிழைச்செய்தி தோன்றும். செய்தியில் காணப்படும் இரு தரவினங்களுக்கும் பெயர் ஒன்றே. முன்னொட்டாக வரும் பதிப்பெண் மட்டுமே வேறுபடும். பைட்ஸ்ட்ரிங் போன்று பல பொதிகளுக்குப் பொதுவான அடிப்படை நிரலகங்களில் இத்தகைய பிழை எளிதில் ஏற்பட்டது.

சாவாஸ்கிரிப்டின் என்பிஎம் போன்ற கருவிகள் ஒரே பொதியின் பல பதிப்புகளை ஒரே நிரலில் அருகருகே வைக்க இடமளிக்கின்றன. ஹாஸ்கெலிலும் இரு பதிப்புகளின் தரவினங்கள் ஒன்றையொன்று சந்திக்காத வரை இது இயலும். ஆனால் அவை எங்கு சந்திக்கும் என்பதை முன்கூட்டி அறிய இயலாமையால், ஒரு நிரலுக்குள் ஒரு பொதிக்கு ஒரே பதிப்பு என்னும் விதியைக் கபால் பின்பற்றுகிறது.

மறுநிறுவலால் ஏற்படும் முறிவு

ஜிஎச்சி நிரல்பெயர்ப்பி, வேகத்தைக் கூட்டும் பொருட்டு, ஒரு பொதியின் சிறிய செயற்கூறுகளை அவற்றை அழைக்கும் மற்றொரு பொதியினுள்ளேயே நேரடியாகப் பதித்துவிடும். இதனால் ஒரு பொதியின் கட்டப்பட்ட வடிவம், அதன் சார்புகளின் பதிப்பெண்களை மட்டுமன்றி, அவை கட்டப்பட்ட குறிப்பிட்ட வடிவத்தையும் சார்ந்துள்ளது.

முன்னாளைய அமைப்பில் ஒரு பொதியின் ஒரு பதிப்புக்கு ஒரே கட்டப்பட்ட வடிவமே தரவுத்தளத்தில் இருக்க முடிந்தது. புதிய பொதி ஒன்றை நிறுவும்போது, ஏற்கெனவே உள்ள இ 1.0 வேறு சார்புகளுடன் மீண்டும் கட்டப்பட நேரிட்டால், புதிய வடிவம் பழையதை அழித்து அதன் இடத்தில் அமர்ந்தது. பழைய வடிவத்தை நம்பியிருந்த பொதிகள் அனைத்தும் அக்கணமே முறிந்தன. பயனர் கண்டது, தாம் தொடாத ஒரு பொதி இயங்காமல் போனதை மட்டுமே.

பதிப்பு வரம்புகள்

ஹாஸ்கெல் சமூகத்தினர் பொதிப் பதிப்புக் கொள்கை என்னும் நெறியை வகுத்துள்ளனர். இதன்படி பதிப்பெண்ணின் முதலிரு பகுதிகளும் சேர்ந்து முதன்மைப் பதிப்பைக் குறிக்கும். பொதியைப் பயன்படுத்துவோரின் நிரலை முறிக்கக்கூடிய மாற்றம் செய்தால் முதன்மைப் பதிப்பை உயர்த்த வேண்டும். புதியன சேர்ப்பதாயின் மூன்றாம் பகுதியை உயர்த்தினால் போதும். எடுத்துக்காட்டாக 1.2.3 என்பதிலிருந்து 1.2.4 க்கு மாறுவது பொதுவாகத் தீங்கற்றது, 1.3.0 க்கு மாறுவது முறிவை ஏற்படுத்தலாம்.

இதனையொட்டிப் பொதியாசிரியர்கள் தம் சார்புகளுக்குக் கீழ் வரம்பும் மேல் வரம்பும் இடுகின்றனர். மேல் வரம்பு இடாவிடில், எதிர்காலப் பதிப்பு ஒன்று பொதியை முறிக்கலாம். மேல் வரம்பை இறுக்கமாக இட்டால், பொருந்தக்கூடிய புதிய பதிப்பும் விலக்கப்படும். எவ்வளவு இறுக்கம் வேண்டும் என்பது ஹாஸ்கெல் சமூகத்தில் நெடுங்காலம் விவாதிக்கப்பட்ட பொருளாகும்.

எல்லா வரம்புகளுக்கும் உட்பட்டு ஒவ்வொரு பொதிக்கும் ஒரு பதிப்பைத் தெரிவு செய்வது, கணினியியலில் என்பி-முழுமை என வகைப்படுத்தப்படும் கடினமான கணக்குகளுள் ஒன்று. தொடக்ககாலக் கபால்-இன்ஸ்டாலின் தீர்ப்பி, தீர்வு இருந்தும் அதனைக் காணத் தவறுவதுண்டு. பின்வாங்கித் தேடும் புதிய தீர்ப்பி 2012 இல் வந்த பதிப்பில் சேர்க்கப்பட்ட பின்னர் இக்குறை பெரிதும் நீங்கியது.

தொடக்ககாலத் தீர்வுகள்

முதலில் பரவலாகப் பரிந்துரைக்கப்பட்ட வழி, பயனரின் பொதித் தரவுத்தளத்தை முழுவதுமாக அழித்துவிட்டு, அனைத்தையும் மீண்டும் நிறுவுவதாகும். இது பயனளித்தது, ஆனால் மணிக்கணக்கில் மறுகட்டுதல் தேவைப்பட்டது. காரணம் நீங்காமையால் சிக்கலும் திரும்ப வந்தது.

ஹாஸ்கெல் பிளாட்பார்ம் என்னும் தொகுப்பு 2009 இல் முதன்முறையாக வெளியிடப்பட்டது. நிரல்பெயர்ப்பியும், ஒன்றோடொன்று பொருந்துமெனச் சோதிக்கப்பட்ட நிரலகங்களும் இதில் இடம்பெற்றன. தொகுப்பிலுள்ள ஒரு பொதியின் புதிய பதிப்பு தேவைப்பட்டபோது பழைய முரண்பாடு மீண்டும் தலைகாட்டியது. இத்தொகுப்பு 2022 இல் கைவிடப்பட்டது.

கபால்-இன்ஸ்டால் 1.18 பதிப்பில் (2013) மணற்பெட்டி என்னும் வசதி சேர்க்கப்பட்டது. ஒவ்வொரு திட்டத்திற்கும் தனித் தரவுத்தளம் அமைக்கப்பட்டதால், ஒரு திட்டத்தில் செய்யும் மாற்றம் மற்றொன்றைப் பாதிக்கவில்லை. எனினும் ஒரே பொதி ஒவ்வொரு மணற்பெட்டியிலும் தனித்தனியே கட்டப்பட்டதால் நேரமும் வட்டிடமும் வீணாயின.

ஸ்டாக்கேச்சும் ஸ்டாக்கும்

மைக்கேல் சுனோய்மன் 2012 இல் ஸ்டாக்கேச் என்னும் திட்டத்தை அறிவித்தார். ஒன்றாகக் கட்டிச் சோதிக்கப்பட்ட பொதிகளின் குறிப்பிட்ட பதிப்புகளை ஒரு பட்டியலாக வெளியிடுவது இத்திட்டத்தின் நோக்கம். ஒருமுறை வெளியிடப்பட்ட பட்டியல் பின்னர் மாற்றப்படுவதில்லை. இப்பட்டியல்களைப் பயன்படுத்தும் ஸ்டாக் என்னும் கட்டும் கருவி 2015 இல் வெளியானது.

ஸ்டாக்கில் திட்டக் கோப்பு ஒரு பட்டியலின் பெயரைக் குறிப்பிடும். அப்பட்டியலே நிரல்பெயர்ப்பியின் பதிப்பையும் முடிவு செய்கிறது. பதிப்புகள் முன்கூட்டியே தெரிவு செய்யப்பட்டுள்ளதால், பட்டியலிலுள்ள பொதிகளுக்குத் தீர்ப்பி தேவைப்படுவதில்லை. பட்டியலில் இல்லாத பொதிகளைப் பயனரே பதிப்பெண்ணுடன் சேர்க்க வேண்டும்.

நிக்சு பாணிக் கட்டுதல்

நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஈல்கோ டோல்சுத்ரா உருவாக்கிய நிக்சு என்னும் பொதி மேலாளர், இச்சிக்கலுக்கு அடிப்படையான ஒரு விடையை அளித்தது. மென்பொருள் நிறுவலைத் தூய செயற்கூறாகக் கருதும் இம்முறையை அவர் தமது 2006 ஆம் ஆண்டு முனைவர் பட்ட ஆய்வேட்டில் விளக்கினார்.

தூய செயற்கூறு ஒன்றுக்கு ஒரே உள்ளீட்டை அளித்தால் எப்போதும் ஒரே விடை கிடைக்கும். அதுபோல, மூல நிரல், சார்புகள், நிரல்பெயர்ப்பி, அமைப்புத் தெரிவுகள் ஆகிய அனைத்தையும் உள்ளீடாகவும், கட்டப்பட்ட பொதியை விடையாகவும் நிக்சு கொள்கிறது. உள்ளீடுகளிலிருந்து கணக்கிடப்படும் ஒரு ஹாஷ் எண் பொதியின் அடைவுப் பெயரில் சேர்க்கப்படுகிறது. உள்ளீடுகளுள் ஒன்று மாறினாலும் எண் மாறும். எனவே புதிய வடிவம் புதிய இடத்தில் வைக்கப்படும். பழையது அழிக்கப்படுவதில்லை.

ஒரே பொதியின் ஒரே பதிப்புக்குப் பல கட்டப்பட்ட வடிவங்கள் அருகருகே இருக்க ஜிஎச்சி 7.10 (2015) இடமளித்தது. அதன் அடிப்படையில் நிக்சு பாணிக் கட்டுதல் கபால்-இன்ஸ்டால் 1.24 இல் (2016) முன்னோட்டமாகச் சேர்க்கப்பட்டு, 3.0 பதிப்பில் (2019) இயல்பு முறையாக்கப்பட்டது. இதற்கு நிக்சு மென்பொருள் தேவையில்லை; அதன் கருத்து மட்டுமே எடுத்தாளப்பட்டுள்ளது. வெளிப் பொதிகள் ஒரு பொதுக் களஞ்சியத்தில் ஹாஷ் எண்ணுடன் சேமிக்கப்படுகின்றன. உள்ளீடுகள் ஒத்திருந்தால் முன்பு கட்டப்பட்டதையே பல திட்டங்கள் பகிர்ந்துகொள்கின்றன. இதனால் மறுநிறுவலால் ஏற்படும் முறிவு முற்றிலும் ஒழிந்தது. மணற்பெட்டியின் தேவையும் நீங்கியது.

எஞ்சியுள்ள சிக்கல்கள்

பதிப்பு வரம்புகளுக்கிடையேயான முரண்பாடு இன்றும் நேரக்கூடும். ஆனால் அது அத்திட்டத்தைக் கட்டுவதை மட்டுமே தடுக்கும்; பிறவற்றைச் சிதைக்காது. மாணவர்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் பிழைகளும் அவற்றுக்கான தீர்வுகளும் வருமாறு:

* தீர்ப்பி தீர்வு காணவில்லை: எந்தப் பொதியின் எந்த வரம்பு தடையாக உள்ளது என்பதைப் பிழைச்செய்தி குறிப்பிடும். பல வேளைகளில் தடையாக இருப்பது பேஸ் என்னும் அடிப்படை நிரலகம். ஜிஎச்சியின் ஒவ்வொரு பதிப்புடனும் பேஸின் குறிப்பிட்ட பதிப்பு பிணைந்துள்ளதால், வேறொரு ஜிஎச்சி பதிப்பைப் பயன்படுத்துவது வழியாகும். பல பதிப்புகளை நிறுவி மாற்றிக்கொள்ள ஜிஎச்சிஅப் என்னும் கருவி உதவுகிறது. மேல் வரம்பு தேவையின்றி இறுக்கமாக உள்ளதெனத் தெரிந்தால், திட்டக் கோப்பில் அலவ்-நியூவர் என்னும் அமைப்பால் அவ்வரம்பை மட்டும் தளர்த்தலாம்.
* தேவையான நிரற்கூறு மறைக்கப்பட்ட பொதியில் உள்ளது: பொதி கணினியில் இருந்தும், திட்டத்தின் சார்புப் பட்டியலில் எழுதப்படவில்லை என்பது இதன் பொருள். கபால் கோப்பின் சார்புப் பகுதியில் பொதியின் பெயரைச் சேர்த்தால் போதும்.
* இணைக்கும் கட்டத்தில் வரையறுக்கப்படாத குறியீடு என்னும் பிழை: திட்டத்தின் நிரற்கூறு ஒன்று கபால் கோப்பின் பட்டியலில் விடுபட்டிருப்பது இதற்கு ஒரு காரணம். அதனைப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.
* சி நிரலகம் கிடைக்கவில்லை: சில பொதிகள் சி மொழி நிரலகங்களைச் சார்ந்தவை. இவற்றைக் கபால் தானாக நிறுவாது. லினக்சு வழங்கல்களில் அந்நிரலகத்தின் உருவாக்கப் பொதியைத் தனியே நிறுவ வேண்டும். டெபியனில் இதன் பெயர் டெவ் எனவும், பெடோராவில் டெவல் எனவும் முடியும்.
* பழைய மூல நிரல் புதிய ஜிஎச்சியில் பெயர்க்கப்படவில்லை: அடிப்படை நிரலகத்தில் ஏற்பட்ட மாற்றமே பெரும்பாலும் காரணம். எடுத்துக்காட்டாக, ஜிஎச்சி 7.10 முதல் மோனாட் வகுப்பின் உறுப்பான ஒவ்வொரு தரவினமும் அப்ளிகேடிவ் வகுப்பிலும் உறுப்பாக இருக்க வேண்டும். அதற்கு முற்பட்ட பாடநூல்களின் நிரல்கள் சிலவற்றை இதற்கேற்பத் திருத்திய பின்னரே பயன்படுத்த இயலும்.

இன்று கட்டப்படும் நிரல் பின்னாளிலும் அவ்வாறே கட்டப்பட, தெரிவு செய்யப்பட்ட பதிப்புகளைக் கபாலின் பிரீசு ஆணையால் ஒரு கோப்பில் பதிவு செய்து, மூல நிரலுடன் சேர்த்து வைப்பது நல்லது. ஒரே பயிற்சியைப் பலர் பல கணினிகளில் செய்யும் வகுப்பறைகளில் இது குறிப்பாகப் பயன் தரும்.

பிற செயற்கூற்று மொழிகளில்

ஓகேமல் மொழியிலும் பொதிகள் தம் சார்புகளின் இடைமுகங்களோடு இறுக்கமாகப் பிணைந்துள்ளன. இடைமுகம் மாறியும் மறுபடி கட்டப்படாத பொதி இருப்பின், முரண்பட்ட அனுமானங்கள் என்னும் பிழைச்செய்தி தோன்றும். ஓபாம் என்னும் அதன் பொதி மேலாளர், நிரல்பெயர்ப்பியையும் பொதிகளையும் தனித்தனிச் சூழல்களாகப் பிரித்து வைக்க உதவுகிறது. எல்ம் மொழியின் கருவி, பொதியின் வெளிப்படையான தரவினங்களை முந்தைய பதிப்புடன் ஒப்பிட்டு, புதிய பதிப்பெண் என்னவாக இருக்க வேண்டும் என்பதைத் தானே முடிவு செய்கிறது. ஹாஸ்கெலில் ஆசிரியரின் பொறுப்பில் விடப்பட்டுள்ள ஒரு பணி இவ்வாறு அங்கு இயந்திரத்திடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. எனினும் தரவினம் மாறாமல் செயற்கூற்றின் நடத்தை மட்டும் மாறினால், அதனை இவ்வொப்பீட்டால் கண்டறிய இயலாது.

இவற்றையும் பார்க்க

* ஹாஸ்கெல்
* செயற்கூற்று நிரலாக்கம்
* நிரல்பெயர்ப்பி
* பொதி மேலாண்மை
* கட்டற்ற மென்பொருள்