அந்தமான் ட்ரிப் போறீங்களா? ஜாரவா வீடியோ ஏன் வெறும் 'கன்டென்ட்' இல்லை

சென்னையிலிருந்து ஃபிளைட்டில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். லாங் வீக்எண்ட் கிடைத்தால் ஆபீஸ் கேங்கோடு அந்தமான் கிளம்பிவிடலாம். பிளான் பண்ணும்போது யூடியூபில் 'பாராடாங்' என்று தேடினால் சுண்ணாம்புக் குகை வரும், சேற்று எரிமலை வரும். கூடவே 'காட்டுவாசிகளை நேரில் பார்த்தோம்' ரகத்தில் சில வீடியோக்களும் வரலாம். கிளிக் பண்ணும் முன் இதைப் படிச்சிடுங்க.

யார் இந்த ஜாரவா மக்கள்?

தெற்கு, மத்திய அந்தமான் காடுகளில் வேட்டையாடியும் உணவு சேகரித்தும் வாழும் பழங்குடியினர். 2011 கணக்கெடுப்பின்படி 380 பேர். சென்னையின் ஒரு பெரிய அப்பார்ட்மென்ட்டில் இருப்பவர்களைவிடக் குறைவு. 1990-களின் பிற்பகுதி வரை வெளியாட்களை நெருங்கவிடாமல் இருந்தார்கள்.

அவர்களின் காப்புக்காட்டை ஊடுருவிச் செல்கிறது அந்தமான் ட்ரங்க் ரோடு. பாராடாங் போகும் சுற்றுலா வண்டிகள் ஜிர்காடாங் செக்போஸ்ட்டிலிருந்து போலீஸ் பாதுகாப்புடன், வரிசையாக, குறிப்பிட்ட நேரங்களில் மட்டுமே விடப்படும். வழியில் நிறுத்தக் கூடாது, ஓவர்டேக் பண்ணக் கூடாது, கேமராவை வெளியே எடுக்கவே கூடாது. காட்டுக்குள் செல்லும் பகுதியை மூடச் சொல்லி 2002-லேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சாலை இன்றும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

அந்தமான் நிக்கோபார் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை 1956-ல் வந்தது. 2012 ஜனவரியில் பிரிட்டனின் 'தி அப்சர்வர்' வார இதழ் ஒரு வீடியோவை வெளியிட்டது. அதில் ஜாரவா பெண்களை ஆடச் சொல்லி ஒரு குரல் கேட்கும். 'மனித சஃபாரி' என்ற சொல் உலகம் முழுக்கப் பரவியது. அதே ஆண்டு சட்டம் திருத்தப்பட்டு, தண்டனை கடுமையானது. இப்போது காப்பகத்தில் அவர்களைப் படமெடுத்தால் 3 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பாயலாம்.

2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தச் சாலையில் சுற்றுலாப் பயணிகளுக்கு இடைக்காலத் தடை போட்டது. மார்ச்சில் அது விலக்கப்பட்டது.

அப்புறம் எப்படி வீடியோ இன்னும் இருக்கு?

2017-ல் தேசிய பழங்குடியினர் ஆணையம் இப்படிப்பட்ட வீடியோக்களை யூடியூபிலிருந்து நீக்க நடவடிக்கை எடுக்கும்படி அரசைக் கேட்டது. ஒன்றை நீக்கினால் வேறு பெயரில் இன்னொன்று வந்துவிடும். இதற்கு மூன்று காரணங்கள்.

முதல் காரணம், சட்டப் பாதுகாப்பு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-வது பிரிவு, பயனர் போடும் பதிவுக்குத் தளத்தை நேரடியாகப் பொறுப்பாக்காது. 2015-ன் ஷ்ரேயா சிங்கால் தீர்ப்புப்படி, நீதிமன்ற உத்தரவோ அரசு நோட்டீஸோ வந்த பிறகும் நீக்காவிட்டால்தான் சிக்கல். அதனால் 'யாராவது சொல்லட்டும், பார்க்கலாம்' என்பது கம்பெனிக்கு வசதி.

அடுத்தது, பணம். யூடியூபில் நீளமான வீடியோவுக்கு வரும் விளம்பர வருமானத்தில் 55% எடுத்தவருக்கு, 45% கம்பெனிக்கு. வீடியோவில் முகம் தெரிபவருக்கு? பூஜ்யம். அவரிடம் யாரும் சம்மதமும் கேட்கவில்லை.

மூன்றாவது, நெட் வேகம். சாட்டிலைட்டை நம்பியிருந்த தீவுகளுக்கு, 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து சுமார் 2,300 கி.மீ. கடலடி ஃபைபர் கேபிள் வந்தது. ஆன்லைன் படிப்புக்கும் மருத்துவத்துக்கும் பெரிய வரம்தான். ஆனால் எடுத்த வீடியோவை ஹோட்டல் அறையிலிருந்தே அப்லோடு பண்ணவும் அதே கேபிள் உதவுகிறது.

ஒரு வீடியோவால் என்ன ஆகிடப் போகுது?

ஒரு வீடியோ ஓடினால் அடுத்தவர் இன்னும் கிட்டே போக ஆசைப்படுவார். 2025 மார்ச்சில் 24 வயது அமெரிக்க யூடியூபர் ஒருவர் தடைசெய்யப்பட்ட வடக்கு சென்டினல் தீவில் கால் வைத்தார். ஒரு தேங்காயையும் டயட் கோக் கேனையும் கரையில் வைத்துவிட்டு, வீடியோ எடுத்துக்கொண்டு திரும்பினார் என்கிறது போலீஸ். அவர் கைதானார்.

இதில் பெரிய ஆபத்து நோய்தான். வெளியுலகோடு பழகாத உடலுக்கு நம் சாதாரண தொற்றுகளை எதிர்க்கும் சக்தி இருக்காது. 1858-ல் பிரிட்டிஷார் கைதிகள் குடியேற்றத்தைத் தொடங்கியபோது கிரேட் அந்தமானியர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். 1877-ல் தட்டம்மை பரவியது. அது உட்பட நோய்களாலும் மோதல்களாலும் அழிந்து, 1961 கணக்கெடுப்பில் 19 பேராகச் சுருங்கினார்கள். ஜாரவாக்கள் காட்டைவிட்டு வெளியே வரத் தொடங்கியதும், 1999-ல் அவர்களிடமும் தட்டம்மை பரவியது.

'அவங்களையும் முன்னேற்ற வேண்டாமா?'

நியாயமான கேள்விதான். ஆனால் முடிவு யார் கையில் இருக்க வேண்டும்? அந்தமான் நிர்வாகத்தின் 2004 ஜாரவா கொள்கை, குறைந்தபட்ச தலையீடு என்பதைத்தான் அடிப்படையாக வைத்தது. 2025 ஜனவரியில் 19 ஜாரவா மக்களுக்கு முதல் முறையாக வாக்காளர் அட்டை கிடைத்தது. அவர்களும் நம்மைப் போன்ற குடிமக்கள். உங்க வீட்டு வாசலில் பஸ்ஸை நிறுத்தி யாராவது படம் எடுத்தால் நீங்க என்ன கேட்பீங்களோ, அதைக் கேட்கும் உரிமை அவர்களுக்கும் உண்டு.

நீங்க என்ன செய்யலாம்?

• ஹேவ்லாக் (சுவராஜ் த்வீப்), நீல் (ஷஹீத் த்வீப்) தீவுகளுக்குக் கப்பலில் போகலாம். ட்ரங்க் ரோடு தேவையே இல்லை.

• பாராடாங் போயே ஆகணும்னா, போனைப் பைக்குள் வையுங்க. சாப்பாடோ பிஸ்கட்டோ வீசாதீங்க. 'ஜாரவா பார்க்கலாம்' என்று ஆசை காட்டும் டிரைவரையும் ஏஜென்ட்டையும் தவிர்த்திடுங்க.

• வீடியோ கண்ணில் பட்டால் ரிப்போர்ட் பண்ணுங்க. திட்டுவதற்காகக்கூட லிங்க்கை குரூப்பில் போடாதீங்க. கோபத்தில் பார்த்தாலும் அதுவும் ஒரு வியூதான்.