ஒலுவிலுக்கு வந்த பணமும் வராத பணமும்

ஒலுவில் கெம்பஸைக் கடந்து பஸ் போகும்போது, "இதெல்லாம் குவைத்காரன் தந்த காசு" என்று யாராவது சொல்வதைக் கேட்கலாம். தந்தது என்ற சொல்லில்தான் பிழை இருக்கிறது. தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கட்டடங்களுக்கு அரபுப் பொருளாதார அபிவிருத்திக்கான குவைத் நிதியம் வழங்கியது கடன். இலகுவான கடன்தான், ஆனாலும் நாட்டின் திறைசேரி திருப்பிக் கொடுக்க வேண்டியது. அபிவிருத்தித் திட்டம் என்று வகுத்துக் கொடுக்கப்படும் அத்தகைய கடனில் விரிவுரை மண்டபம் கட்டலாம், விடுதி கட்டலாம். அந்த விடுதியில் இருக்கும் பிள்ளையின் சாப்பாட்டுக்கு அதிலிருந்து ஒரு சதமும் எடுக்க முடியாது.

இப்பல்கலைக்கழகம் அவசரத்தில் பிறந்தது. 1990இல் யாழ்ப்பாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். அதே ஆண்டு காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் படுகொலைகள் நடந்தன. அதன் பிறகு எங்கள் பிள்ளைகளை யாழ்ப்பாணத்துக்கோ வந்தாறுமூலைக்கோ அச்சமின்றி அனுப்பும் நிலை இருக்கவில்லை. அன்றைய துறைமுகங்கள், கப்பற்றுறை, புனர்வாழ்வு அமைச்சர் மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் விடாப்பிடியாக நின்றதனால் 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியும் 1996 மே மாதத்தில் முழுமையான பல்கலைக்கழகமும் கிடைத்தன. அட்டாளைச்சேனையில் வாடகை இடத்தில், 33 மாணவர்களோடும் இரண்டு பீடங்களோடும்தான் தொடக்கம். பின்னாளில் அதே ஊரில் ஆசிரியப் பயிற்சி பெற்றவன் என்ற வகையில், அந்த முதல் நாட்களைப் பற்றி ஊரவர்கள் பெருமையோடு பேசக் கேட்டிருக்கிறேன். கூரையில்லாதவன் முதலில் கூரையைத்தான் தேடுவான். அன்று கட்டடத்துக்கு முதலிடம் கொடுத்ததில் குறை காண ஒன்றுமில்லை. 2000 செப்டம்பரில் ஹெலிகொப்டர் விபத்தில் அஷ்ரப் மறைந்த பின்னரும், இஸ்லாமியக் கற்கைகள், அரபு மொழிப் பீடம், பொறியியற் பீடம் என்று வளாகம் வளர்ந்தது. இன்று சிங்களப் பிள்ளைகளும் அங்கு வந்து படிக்கிறார்கள்.

ஆனால் கூரை வந்த பிறகும் நாம் கூரையைப் பற்றியே பேசுகிறோம். இதே கரையோரத்தில், ஒலுவிலுக்கு வடக்கே உள்ள கல்முனையில், வேறொரு விதமாக யோசித்த ஒருவர் இருந்தார். இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிமான ஏ.எம்.ஏ. அஸீஸ், யுத்த காலத்து உணவு உற்பத்தியைக் கவனிக்க 1942இல் உதவி அரசாங்க அதிபராக அங்கு வந்தார். அவர் கண்டது நெல்லை மட்டுமல்ல. கெட்டிக்காரப் பிள்ளைகள் கையில் காசில்லாமல் வயலுக்கும் கடைக்கும் போவதையும் கண்டார். அவர் முன்னின்று 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி உருவானது. அது கன்னங்கராவின் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்த அதே ஆண்டு. கட்டணமே இல்லாத நாட்டில் கல்விக்குச் சகாய நிதி எதற்கு என்று இன்று ஒருவர் கேட்கலாம். கட்டணம் போனாலும் ரயில் கூலியும் விடுதிச் செலவும் புத்தகமும் உடுப்பும் போய்விடவில்லை என்பதே பதில். அந்த நிதி கட்டடம் கட்டவென்று தோன்றியதல்ல. பிள்ளைகளைப் படிக்க வைக்கத் தோன்றியது. அதனால்தானோ என்னவோ, அதற்குத் திறந்து வைக்கும் கல்லும் இல்லை, கல்லில் பெயரும் இல்லை.

1981இல் லலித் அத்துலத்முதலி தொடக்கிய மஹாபொல நிதியும் இதே தேவையை உணர்ந்ததுதான். கண்காட்சி நடத்திப் பணம் சேர்த்தார்கள். லொத்தர் வருமானத்திலும் ஒரு பங்கு சேர்ந்தது. (லொத்தர் காசு ஆகுமா என்று மார்க்கக் கேள்வி எழுப்பும் நம் தனவந்தர்கள், ஆகுமான காசில் அப்படியொரு நிதியை ஏன் ஒலுவிலுக்கென்று தொடங்கவில்லை என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்கலாம்.) மஹாபொலவை மட்டும் நம்பி ஒரு மாதத்தைக் கடத்த முடியாது என்பதை எந்த மாணவரைக் கேட்டாலும் சொல்வார்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளையொருத்தி பல்கலைக்கழகம் புகுந்து, 2020இல் கொரோனாவால் எல்லாம் மூடப்பட்டபோது வீட்டிலிருந்தே படிக்க வேண்டியதாயிற்று. உம்மா காதில் கிடந்ததை அடகு வைத்துத்தான் மடிகணினி வாங்கிக் கொடுத்தார். அந்த ஆண்டு ஊரில் பள்ளிவாசலின் மினாராவுக்கு வசூல் நடந்தது. மினாரா வேண்டாமென்று நான் சொல்லவில்லை. இரண்டுக்கும் கேட்டிருந்தால் இரண்டுக்கும் கொடுத்திருப்பார்கள். இரண்டாவதைக் கேட்கத்தான் ஆளில்லை.

2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியபோது, கடன் பணத்தில் நடந்த வேலைகள் நாடெங்கும் தேங்கின. திறைசேரியும் கை விரித்தது. அப்படியான காலத்தில் பல்கலைக்கழகத்துக்குக் கை கொடுக்க வேண்டியவர்கள் பழைய மாணவர்களும் ஊர் வர்த்தகர்களும் வளைகுடாவில் உழைப்பவர்களும்தான். அவர்களிடம் எதைக் கேட்பது? இன்னுமொரு நுழைவாயிலைக் கேட்டால் அதையும் கட்டித் தருவார்கள். முதலில் கேட்க வேண்டியது முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கான உதவி நிதி. வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளை மஹாபொலப் பணம் கைக்கு வருமுன்னர் மனமுடைந்து வீட்டுக்குத் திரும்புவது அந்த முதல் மாதங்களில்தான். அதற்கடுத்தது நூலகம்.

நூலகம் என்றால் கொழும்பிலிருந்து வாங்கும் புத்தகங்கள் மட்டுமல்ல. கிழக்கில் எத்தனையோ வீடுகளின் பரணில் அரபுத்தமிழ்க் கிதாபுகளும் கையெழுத்துப் படிகளும் கறையானுக்கு இரையாகிக்கொண்டிருக்கின்றன. அவற்றைத் தேடியெடுத்துப் படமெடுத்துப் பாதுகாக்கப் பெரிய கட்டடம் தேவையில்லை. ஓர் அறையும், ஒரு கமெராவும், அரபுத்தமிழ் வாசிக்கத் தெரிந்த இரண்டு பேரின் சம்பளமும் போதும். அப்படி வாசிக்கத் தெரிந்தவர்கள் எங்கள் ஊரில் மூன்று பேர்தான் மிஞ்சியிருக்கிறார்கள். மூவரும் எழுபதைத் தாண்டியவர்கள்.